தெளியாத பால்

குப்பி நிறைந்திருந்தது.

உறைபெட்டியின் பின்சுவரில், பனிக்குள் ஒட்டிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தான். அவன் கையெழுத்து. டிரிப்சின். ஜூன் 17.

மூடியைச் சுற்றிய மெழுகுத்தாள் பிரிக்கப்படவில்லை.

ஒரு நாளுக்கு ஒரு குப்பி. முந்தின நாளே தேதி எழுதி வைப்பான். திறந்துவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

அப்படியென்றால் ஜூன் 17 அன்று அவன் நொதியைச் சேர்க்கவே இல்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தான்.

சோதனை எளிமையானது. டிரிப்சின், புரதத்தைச் செரிக்கும் நொதி. நீர்த்த பாலில் விட்டால் பால் தெளிந்துவிடும். கூடவே குதிரையின் பிளாஸ்மாவைச் சேர்த்தால் தெளியாது. பிளாஸ்மாவில் ஒரு புரதம் இருக்கிறது. நொதியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். பிளாஸ்மா எவ்வளவு நீர்த்துப்போகும்வரை அது தாங்கும் என்பதுதான் அவன் ஆராய்ச்சி.

ஜூன் 17. ஆறு குழாய்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு பிளாஸ்மா. ஆறும் கடைசிவரை வெள்ளை.

அதற்குப் பிறகு நான்கு முறை செய்து பார்த்துவிட்டான். நான்கு முறையும் பால் தெளிந்தது.

இப்போது தெரிகிறது.

அன்று பாலை ஊற்றி, பிளாஸ்மாவை விட்டு, குப்பியை எடுக்க எழுந்தபோதுதான் ரஞ்சனி அழைத்தாள்.

“வயிறு வலிக்குதுங்க. முதுகு வரைக்கும் இழுக்குது.”

“காலைல என்ன சாப்பிட்ட?”

“நீங்க கிண்டின உப்புமா. வேற என்ன வேணும்?”

“ஒரு மணி நேரம், ரஞ்சு. இப்ப விட்டா எல்லாம் வீண்.”

“உங்க குதிரை ஒண்ணும் ஓடிப்போயிடாது.”

சிரிக்கப் பார்த்தாள். பாதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அதை அவன் கேட்டான்.

போனை வைத்துவிட்டு நேராக வந்து நிறுத்துக் கடிகாரத்தைத் தட்டி ஓடவிட்டான். சீக்கிரம் கிளம்பலாம் என்று, பிளாஸ்மா சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயைக்கூட வைக்கவில்லை. வைத்திருந்தால் அதுவும் தெளியாமல் நின்று அவனைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறிப்பேட்டில் எழுதினான்.

மாற்றமில்லை.

மாற்றமில்லை.

மாற்றமில்லை.

மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள்.

கணைய அழற்சி என்றார்கள். மருத்துவர் விளக்க ஆரம்பித்தார். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே செரிக்கும். அவனுடைய ஆய்வேட்டின் முதல் வரி. முதுகுக்குப் பரவும் வலி, இரண்டாவது வரி.

நான்காம் நாள் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் இதுதான் என்றார் மருத்துவர். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்து மாதமாக ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். அன்று போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அந்த ஆறு குழாய்களுக்குள் ஏதோ நடந்தது.

வெறும் பாலுக்குக் காவல் இருந்திருக்கிறான்.

குப்பியை எடுத்துக்கொண்டு, ஆய்வை வழிநடத்தும் கோமதிநாயகம் சாரின் அறைக்குப் போனான். நொதியைப் பற்றிச் சொன்னான். அழைப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

சார் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்லவேளை, இன்னும் கட்டுரை அனுப்பல. எனக்கே சந்தேகம்தான்ப்பா. ஆயிரத்துல ஒரு பங்குக்குத் தாங்குதுன்னா, அது என்ன குதிரையா குலதெய்வமா?”

அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பக்கத்தை அடிச்சிடுப்பா. அன்னைக்கு ஒண்ணுமே நடக்கல. அவ்வளவுதான்.”

ஆய்வகக் குறிப்பேட்டில் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. மை பூசி மறைக்கவும் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும். பக்கத்திலேயே, அடித்ததற்கான காரணம். கையெழுத்து.

கோடு இழுத்தான். பன்னிரண்டு வரிகள். கோட்டுக்கு அடியில் பன்னிரண்டும் தெளிவாகத் தெரிந்தன.

காரணம்: நொதி சேர்க்கவில்லை.

அது போதும். ஆனால் பேனா நிற்கவில்லை.

மனைவி அழைத்தாள்.

எழுதியதைப் படித்துப் பார்த்தான். அவள்மேல் பழி போட்டதுபோல் இருந்தது.

அதையும் அடித்தான். ஒற்றைக் கோடு.

பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்.