பின்பக்கத்துச் சூடு

ஆறு மாதமாக "ஒரு சர்வரே போதும்" என்று மல்லுக்கு நின்ற மேனேஜர் சடகோபன், திடீரென்று மூன்றுக்குச் சம்மதித்ததை நெட்வொர்க் இன்ஜினியர் அஞ்சுகத்தால் நம்ப முடியவில்லை. சுரங்கத்துக்குள் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் நெட்வொர்க்கை ஆளுகிற சர்வர் அது. ஒன்று மட்டும் இருந்து அது விழுந்தால், கீழே இருப்பவர்களை மேலிருந்து தேட வழியில்லை. மூன்றைக் கோத்து ஓட்டினால் ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும். இப்போது மூன்று பெட்டிகளும் அடுக்கில் இருந்தன, மூன்றிலும் பச்சை விளக்கு.

"கேட்டதக் குடுத்தாச்சு. மூணும் ஓடுதுன்னு கையெழுத்தப் போடும்மா, சுரங்க இன்ஸ்பெக்டர் வந்துருவாரு."

அஞ்சுகம் பேனாவைத் திறக்கவில்லை. அவள் கல்தூண் சுமக்கிறவர்கள் நடுவே வளர்ந்தவள். எவன் பாரம் தாங்குகிறான், எவன் சும்மா கை வைத்துக்கொண்டு வருகிறான் என்பது தோளைத் தொட்டால் தெரிந்துவிடும். அடுக்கின் பின்னால் போய் உள்ளங்கையை வைத்தாள். முதல் பெட்டி அனலாக ஊதியது. இரண்டாவது சில்லென்று இருந்தது. மூன்றாவதும்.

"பின்னால என்னம்மா தடவுற? கோயில் சிலையா அது?"

"ஒண்ணுமில்ல சார். முதல் பெட்டியோட ஒயர ஒரு நிமிஷம் புடுங்குறேன். அதான் மத்த ரெண்டும் இருக்கே, தாங்கிக்காதா?"

அவள் ஒயரைப் பிடித்ததுதான் தாமதம், அவருடைய நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"ஏய், விடு! கீழ நாப்பது பேரு இருக்காங்க!"

அவள் இழுக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை. அறைக்குள் ஒரே ஒரு விசிறியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.