முழங்கால் ஆணி

கிருத்திகாவின் செயற்கைக் காலில் முழங்கால் ஆணி உடைந்துபோனது. கோவையில் அவள் கணவன் மயில்சாமி வேலை பார்த்த பட்டறை, அதே ஆணியைத்தான் நாள் முழுக்கக் கடைந்துகொண்டிருந்தது. ஒன்றைக் கூடுதலாகக் கடையச் சொன்னான்.

"ஆர்டர் இல்லாம வெட்ட முடியாதுங்க" என்றது மிஷினை ஓட்டும் மென்பொருள்.

நின்ற இடத்திலேயே போனில் ஆர்டர் போட்டான். உடனே மிஷினின் திரையில் மனைவியின் பெயர் வந்தது. ஆணியும் பளபளவென்று வந்து விழுந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டதும் பட்டறைக் கதவு பூட்டிக்கொண்டது. "எந்த ஆர்டரும் டெல்லிக் கிடங்கு வழியாத்தான் போகணுங்க" என்றது மென்பொருள். வேறு வழியின்றிப் பெட்டியில் வைத்து, டெல்லிக்கு அனுப்பினான்.

"ஏனுங்க, ஆணி கெடைச்சுதுங்களா?" அவன் வீடு திரும்பியதும் சுவரைப் பிடித்தபடி கேட்டாள் கிருத்திகா.

"நானேதான் செஞ்சேன், அருமையா வந்திருக்கு. டெல்லிக்குப் போயிட்டு அடுத்த மாசம் வந்துரும்."