வாய் திறக்கக் கூடாது

“கடைசியில பார்த்தா எல்லாமே கனவாம்!” என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டான். அறையே சிரித்தது.

லவுட்ஸ்பீக்கருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கச்சியின் தலை மேஜையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்துவிட்டிருந்தது.

டாக்டர் ஒன்றும் மருத்துவம் படித்தவன் இல்லை, பத்தாம் வகுப்புதான். எந்தக் கதை கிடைத்தாலும் அறுத்துப் பார்த்துவிடுவான் என்பதால் வந்த பெயர் அது. வாய் ஓயாதவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்றும், வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அவளுடைய சித்தி மகளான இந்தத் தங்கச்சிக்கு மியூட் என்றும் பெயர் சூட்டிய புண்ணியவான் அவன்தான்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கிற கதைப் பட்டறை. கதையில் யாரும் பெயர் போடக் கூடாது. வாசலில் இருக்கிற பழைய ஷூ டப்பாவில் மடித்துப் போட்டுவிட வேண்டும். மிஸ் ஒன்றை எடுத்து வாசிப்பார். பிறகு ஆளாளுக்கு அதைப் பிய்த்துப் போடலாம். எழுதியவர் மட்டும், எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. மிஸ் போட்ட சட்டம் அது, இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

இன்றைக்கு மியூட் முதல் தடவையாக அந்த டப்பாவில் ஒரு தாளைப் போட்டிருந்தாள். லவுட்ஸ்பீக்கர் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

சித்தி காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தாள். “இன்னிக்கும் அவ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தா, இனிமே அவளை அங்க இழுத்துட்டுப் போகாதே. இந்த வாரத்தோட சரி.”

அந்த நேரம் பார்த்தா இப்படியொரு கதை மிஸ் கையில் அகப்பட வேண்டும்! கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் ஒருவர் ஒரு கப்பலுக்காகப் பக்கம் பக்கமாகக் காத்திருக்கிறார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் கட்டிலில் கண் விழிக்கிறார். அவ்வளவுதான்.

“முதல் பக்கத்துலயே நிலா மூணு தடவை கண்ணீர் விடுது. அதுக்கு அப்படி என்னதான் பிரச்சினை?” என்றாள் பின் வரிசைப் பெண் ஒருத்தி.

“கனவுன்னு மட்டும் முடிச்சிடாதீங்கன்னு முதல் கிளாஸ்லயே மிஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அன்னிக்கு வராத ஆள்தான் இதை எழுதியிருக்கணும்” என்றான் டாக்டர்.

முதல் வகுப்புக்கு வராதவள் ஒருத்திதான். எல்லோர் பார்வையும் மியூட் பக்கம் திரும்பியது. அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பாவம், வர மாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தது லவுட்ஸ்பீக்கர்தானே. உதவிக்கு மிஸ்ஸைப் பார்த்தாள். எவ்வளவு சொதப்பலான கதைக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டு முதல் ஆளாக வருகிறவர், இன்றைக்கு ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையைத் துடைக்க வேறு நேரமா கிடைக்கவில்லை?

சரி, தானே களத்தில் குதிக்க வேண்டியதுதான்.

“ஏன், நல்லாத்தானே இருக்கு? அதுவும் அந்தக் கப்பல் வர்ற இடம் எவ்வளவு அழகு!”

“கப்பல்தான் வரவே இல்லையே” என்றான் டாக்டர்.

மறுபடியும் ஒரே சிரிப்பு. மியூட்டின் தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின. போன வாரம்தான் லவுட்ஸ்பீக்கரின் கதைக்கு அறை முழுக்கக் கைதட்டியிருந்தார்கள். அந்தப் பெயர் கெட்டால் கெட்டுத் தொலையட்டும் என்று எழுந்து நின்றாள்.

“அந்தக் கதையை எழுதினது நான்தான்! போதுமா?”

டாக்டர் நிதானமாக அவளை ஏற இறங்கப் பார்த்தான். “புளுகாதே. எழுதினவங்க பேசக் கூடாது. நீ எப்போ வாயை மூடினே?”

அவள் மறுபடியும் மிஸ்ஸைப் பார்த்தாள்; மிஸ் இன்னும் பலகையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நானும் பேசிட்டேன், இவனும் பேசிட்டான், பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் பேசிட்டாங்க” என்று டாக்டர் சுற்றிலும் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். விரல் மியூட்டின் எதிரில் வந்து நின்றது. “பேசாதது ஒரே ஒரு ஆளுதான்.”

சிரித்தவர்களுக்கே என்னவோ போலிருந்தது. இனி சனிக்கிழமை வந்தால் இந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று லவுட்ஸ்பீக்கர் முடிவே கட்டிவிட்டாள்.

அப்போது யாரோ அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்து பார்த்தாள். மியூட் தலையை நிமிர்த்தியிருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. அத்தனையும் அடக்கி அடக்கி வைத்த சிரிப்பு.

“அக்கா, என் கதை இன்னும் டப்பாவுலதான் இருக்கு.”

கணீரென்ற குரல். இதை வைத்துக்கொண்டா இத்தனை வாரம் சும்மா இருந்தாள்! டாக்டரின் விரல் அந்தரத்திலேயே நின்றுபோனது.

“நீயும் இல்லேன்னா, அப்புறம் யாருதான் எழுதினது?” என்றான்.

மியூட் கரும்பலகைப் பக்கம் மோவாயால் காட்டினாள்.

“மிஸ் இன்னும் வாயே திறக்கலையே!”