வாசலில் ஓர் ஆணி

"திருடன் வீட்டு வாசல்லயா ரோந்து நோட்டைத் தொங்க விடுவாங்க? அடுக்குமா இது?"

குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி மல்லாந்தது.

வார்டு பாதுகாப்புக் கூட்டம். தெருவிளக்கு கவுன்சில் பொறுப்பு, ரோந்து போலீஸ் பொறுப்பு என்று முதல் பத்து நிமிஷத்திலேயே சுமுகமாகப் பிரித்துக்கொண்டார்கள். நோட்டில்தான் வந்தது வினை.

"நோட்டை எங்க மாட்டணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ராத்திரி மணிக்கு ஒரு தடவை எங்க கான்ஸ்டபிள் அங்க வந்து கையெழுத்துப் போடுவார்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் டீயைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான். திருடன் முதலில் வரப்போவது தன் வீட்டுக்குத்தான் என்று ஆளாளுக்கு அடித்துப் பேசினார்கள். தலைவர் ஒரு படி மேலே போய், "என் வாசல்ல ஆணியே அடிச்சாச்சு!" என்றார்.

எல்லோரையும் பேசவிட்ட கவுன்சிலரம்மா, கடைசியில் சாவிக்காரர் வீட்டைச் சொன்னார். அதற்குத்தான் இந்தக் கூப்பாடு.

சாவிக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பூட்டுகளை ஊர் தூங்கும்போது திறந்தவர். ஜெயிலுக்குப் போய் வந்த பிறகு ஒரு தப்பு கிடையாது. ஆனால் கெட்ட பேர் கெட்டதுதான்.

"உட்காருங்க சார்" என்றார் கவுன்சிலரம்மா. "மணியைப் பூனை கழுத்துலதானே கட்டணும்? மணிக்கு ஒரு தடவை அவரும் எழுந்து வந்து கான்ஸ்டபிள் பக்கத்துல கையெழுத்துப் போடட்டும்."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்கம்மா!" என்று முதல் கையைத் தூக்கினார். அவருடைய சின்ன மகன் இரண்டு கையையும் தூக்கினான்.

கடைசி வரிசையில் சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திருந்தின மனுஷனைத் தூங்கவிடாமல் அடிக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் தலைவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது.

காலை ஏழு மணிக்கு சாவிக்காரர் வாசலில் கூட்டம். ஜீப்பும் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையோடு கிளம்பிய அவர் மகள், அப்பாவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடின மோட்டார் சார். நாலு மணிக்குப் பார்த்தா இல்ல" என்றார் தலைவர். அவர் கையில் மோட்டார் ரூம் பூட்டு.

"வேற யாரு? இந்த ஆளைத் தூக்கி உள்ள வைங்க சார்!" என்றான் சின்ன மகன்.

சாவிக்காரர் நோட்டைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

பதினொன்றிலிருந்து ஐந்து வரை மணிக்கு மணி கான்ஸ்டபிள் கையெழுத்து. ஒட்டினாற்போல சாவிக்காரர் கையெழுத்து. நடுவில் கான்ஸ்டபிள் கைப்பட ஒரு குறிப்பு: 'இரண்டு முதல் நான்கு வரை பலத்த மழை. இங்கேயே ஒதுங்கி இருந்தேன். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார்.'

"இவர் வீட்டை விட்டு நகரவே இல்லையே! என் ஆளே சாட்சி" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப இதைத் திறந்தது யாரு?" தலைவர் பூட்டை ஆட்டினார்.

சாவிக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல சார். சாவி போட்டுத் திறந்திருக்காங்க. சாவி எங்க இருக்கும்?"

"எங்க வீட்டு அலமாரியில..." என்று ஆரம்பித்த தலைவர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

சின்ன மகனைக் காணோம். ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "என்னம்மா இது? இவரைப் பிடிக்க மாட்டின நோட்டு, இவருக்கே சாட்சி சொல்லுதே!"

"பிடிக்கவா?" என்றார் கவுன்சிலரம்மா. "அப்படிச் சொன்னாத்தானே சார் கூட்டத்துல கை தூக்குவாங்க! நோட்டைத் தன் வாசல்ல மாட்டச் சொல்லி மனு கொடுத்ததே இவர்தான். 'எது காணாமப் போனாலும் என் பொண்ணு கண் முன்னாடி என்னை ஜீப்புல ஏத்துறாங்க. என் பக்கம் பேச ஒரு போலீஸ்காரராவது வேணும்'னு எழுதியிருந்தார்."

பிறகு தலைவர் பக்கம் திரும்பி, பவ்யமாகக் கேட்டார்.

"சார், உங்க வாசல்ல அடிச்ச ஆணி இன்னும் இருக்குதானே?"