பொட்டு வைத்த ஹெட்லைட்

நயினார் அண்ணாச்சி எண்ணெய்ப் பலகையில் குப்புறப் படுத்துவிட்டதைத் தூரத்திலிருந்து உறுதி செய்துகொண்ட பிறகுதான், மணிமுத்து அந்தப் பச்சை அம்பாசிடரை நெருங்கினான்.

சனிக்கிழமை தவறாமல் அண்ணாச்சிக்குக் குற்றாலத்தில் எண்ணெய்க் குளியல். மசாஜ் ஒரு மணி நேரம், அருவி ஒரு மணி நேரம், கோயில் ஒரு மணி நேரம். ஆக மூன்று மணி நேரத்துக்கு வண்டி அனாதை.

கள்ளச் சாவி தயார். சோப்பில் அச்சு எடுக்கும் வித்தையை மணிமுத்துக்கு ஒருவரல்ல, பல பேர் விளக்கமாகச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் தன் கையால் செய்வது இதுதான் முதல் தடவை. பிடிபட்டால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை, மனைவி உமாராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். எட்டு வருஷக் குடித்தனமாயிற்றே! சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

தென்காசியில் அவன் முகம் தெரியாத ஒர்க்‌ஷாப்பே கிடையாது. அதனால் செங்கோட்டை ரோட்டுக்கு வண்டியை விட்டான். அங்கே ஷமீம் பானு என்ற பெண் புதிதாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை போட்டிருந்தாள்.

“ஹெட்லைட்டு ரெண்டையும் மாத்தணும், வயரிங்கோட. ரெண்டு மணி நேரத்துல முடியுமா தங்கச்சி?”

ஷமீம் பானு காரின் முன்பக்கம் வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தாள்.

“ஏன்ணே, இது லைட்டா, சாமி படமா?”

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஹெட்லைட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. துடைத்தால் பாவமாம். மழையில் கரையக் கூடாதென்று மேலே வார்னிஷ் வேறு! வெளிச்சம் வர ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இடம் பாக்கி.

“இதச் சுரண்டச் சொல்லாதீய, நான் மாட்டேன்.”

“சுரண்டாண்டாம். முழுசாக் கழட்டிட்டுப் புதுசு போட்டிரு.”

அவள் மீட்டரை வைத்துப் பார்த்தாள். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட், பல்பில் ஒன்பதுதான்.

“பாத்தீயளா, மூணு வோல்ட்டு வழியிலயே காணாமப் போவுது. கரண்டு பூரா ஸ்விட்சு வழியா இந்த இத்துப்போன வயர்ல சுத்திக்கிட்டு வருது. ரிலே போட்டுட்டா பேட்டரியிலேருந்து நேரா லைட்டுக்குப் போயிரும். ஸ்விட்சும் சூடாவாது.”

“என்ன வேணா போடு. சீக்கிரமாப் போடு.”

“அப்படி என்ன அவசரம்? மலையாளக் கரைக்குப் போறீயளோ?”

“ஆமா ஆமா. புளியரை செக்போஸ்ட் வழியா.”

பொய் சொன்னால் மணிமுத்துக்குக் காது சிவக்கும். சிவந்தது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆர்.சி. புக்கு?”

“வீட்ல இருக்கு.”

“வண்டி ஒங்களுதுதானே?”

“சொந்த வண்டி மாதிரிதான்” என்றான்.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். தடித்த புது வயர், இரண்டு ரிலே, தனித்தனி ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர் என்று மளமளவென வேலை நடந்தது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஸ்விட்சைப் போட்டாள். பட்டப்பகலிலேயே எதிர்ச்சுவர் பளீரென்றது. அந்தப் பயத்திலும் மணிமுத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“பழச எடுத்துக்கிடுங்க அண்ணே.”

“அய்ய, வேண்டாம்மா. நீயே வச்சுக்க.”

பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான். புளியரைக்கு என்று சொன்னவன் குற்றாலம் பக்கம் திருப்பியதை, ஷமீம் பானு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

குற்றாலத்தில் பார்க்கிங்கில் பழைய இடத்தை ஒரு டூரிஸ்ட் வேன் பிடித்திருந்தது. அண்ணாச்சி கோயிலிலிருந்து வருகிற நேரம். “எடுவே வண்டிய!” என்று மணிமுத்து ஓர் அதட்டல் போட்டான். டிரைவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் எடுத்துவிட்டார். காரை அதே இடத்தில், அதே கோணத்தில் விட்டுவிட்டுப் பழக்கடைக்குப் பின்னால் ஒளிந்தான்.

ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி வந்தார். கதவைத் திறக்கப் போனவர் முன்பக்கம் பார்த்தார். நின்றார். கண்ணாடியை விரலால் தடவினார். “அய்யய்யோ!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வண்டியில் ஏறியவர், நேரே போய் இறங்கிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

“என் லைட்டக் களவாண்டுட்டானுவ அம்மா!”

இன்ஸ்பெக்டர் சுகிர்தம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “ரெண்டு லைட்டும் பளபளன்னு இருக்கே ஐயா?”

“அது என் லைட்டே இல்ல! என்னுது இருபத்தஞ்சு ஆயுத பூஜைப் பொட்டு வச்ச லைட்டு. கள்ளப்பய அதத் தூக்கிட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு புதுசு மாட்டிட்டுப் போயிருக்கான்!”

சுகிர்தம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். அந்தக் கார் மாலை மசண்டை நேரத்தில் கண் தெரியாமல் வந்து ஒரு டீக்கடைப் பந்தலையும் ஒரு ஸ்கூட்டரையும் இடித்தாயிற்று. ‘திங்கட்கிழமைக்குள் அந்த வண்டியில் லைட் எரியணும், இல்லாட்டி யாரு எவருன்னு பார்க்காமக் கேஸ் எழுதணும்’ என்று முந்தாநாள்தான் அவர் ஏட்டிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

“அந்தக் கள்ளன் கையில வெலங்கு மாட்டாம நீங்க எம்மவ உமாராணி மொகத்துல முழிக்கக் கூடாது, சொல்லிட்டேன் மாப்ளே!” என்று நயினார் அண்ணாச்சி கையைப் பிடித்துக்கொண்டு கதறியது, யூனிபார்ம் பட்டனைப் போட்டபடி அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்த ஏட்டு மணிமுத்துவிடம்.