ஒன்பதை அமுக்கு

“ஆசி குடும்மா! சீக்கிரம் சொல்லு, மறுபடியும் சாவிய மறந்துட்டியா?”

“கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்டா கண்ணு. ரொட்டி வாங்க வந்தேன், மறந்துட்டேன். ஒன்பதை அமுக்கு.”

யோர்மன் ஒன்பதை அமுக்கினான். ‘பீப்’ என்றது. வெனிசுவேலாவில், மரகைபோ நகரில், இரும்புக் கதவு திறந்துகொண்டது. அவன் நின்றதோ லிமாவில், கோழி சுடும் கடையின் அடுப்படியில். நாடு விட்டு நாடு வந்தும், அந்த அடுக்குமாடியின் வாசல் பெட்டியில் இன்னும் அவன் நம்பர்தான் இருந்தது. அம்மா அங்கே வீட்டுப் பொத்தானை அழுத்தினால் இங்கே இவன் போன் அலறும். எடுத்ததும் முதலில் இவன் ஆசி கேட்பான், அம்மா சொல்வாள்; அவர்கள் ஊர் வழக்கம் அது.

“இன்னொரு தடவ அமுக்குடா, சரியா திறக்கல. சாப்டியா? அங்க குளிரா?”

“அம்மா, வேலைல இருக்கேன்!”

வேலை நேரத்தில் அம்மா சாதாரணமாகக் கூப்பிட்டால் அவன் எடுப்பதே இல்லை. வாசல் அழைப்பை எப்படி எடுக்காமல் இருப்பது? வயசானவள். மரகைபோ வெயிலோ மண்டையைப் பிளக்கும்.

“என்னப்பா வெனிசுவேலாக்காரா, வாட்ச்மேன் வேலையும் சேர்த்துப் பாக்கறியா?” முதலாளி உபால்டோ பின்னால் நின்றார். “நாளைக்கு போன் அடிச்சுதுன்னா, நீ வெளிய. உன் இடத்துக்கு நூறு பேர் நிக்கிறான்.”

இந்த வேலை போனால் அம்மாவுக்கு மருந்து ஏது?

“இதான் கடைசிம்மா” என்று போனில் சீறினான். “சாவியக் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்கோ. நாளைக்கு அடிச்சா சத்தியமா எடுக்க மாட்டேன்.”

“சரிடா கண்ணு” என்றாள் அம்மா.

மறுநாள் மதியம் கடையில் கூட்டம் நெரிந்தது. வாசல் அழைப்பு வந்தது. முதலாளி இவனையே பார்த்தார். துண்டித்தான். மறுபடி அடித்தது. துண்டித்தான். மூன்றாம் முறை போனையே அணைத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது திறந்துவிடுவார்கள், ஒரு நாள் நின்றால்தான் அம்மாவுக்குப் புத்தி வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனாலும் கை வேலையில் ஓடவில்லை.

மாலையில் போனை உயிர்ப்பித்த உடனே மணி அடித்தது.

“தம்பி, மேல் மாடி எலோயினா பேசறேன். மனசத் திடப்படுத்திக்கோப்பா. அம்மா போயிட்டாங்க. வாசல்லயே, அந்த வெயில்லயே மயங்கி விழுந்து...”

யோர்மன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“நான்தான்க்கா கொன்னுட்டேன். ஐயோ, சாவி இல்லாம நின்னவளுக்குக் கதவத் திறக்காம விட்டுட்டேனே!”

“சாவி இல்லாமயா?” எலோயினாவின் அழுகை நின்றது. “அது வருஷக்கணக்கா அவங்க கழுத்துலதானேப்பா தொங்குது, மாதா பதக்கத்தோட! இன்னிக்கு மதியம்கூட நான் சாவிய விட்டுட்டு வந்தப்ப, அவங்கதான் எனக்குத் திறந்துவிட்டாங்க. ‘நீ உள்ள போ, யோர்மன் இப்ப எடுத்துடுவான், ஆசி சொல்லிட்டு வரேன்’னாங்க.”