பாட்டிலுக்குள் கோகிலவாணி

கல்யாணமான நாளிலிருந்து "ஏனுங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று சொல்லிச் சொல்லிக் கோகிலவாணிக்கு நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். துரைசாமி ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அதையே, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காக அவர் வாங்கிய பேசும் சைக்கிள் பாட்டில் அவளுடைய குரலில் சொன்னபோது மனிதர் பெட்டிப்பாம்பாக அடங்கினார். உப்பும் சர்க்கரையும் கரைத்த சத்துநீரைச் சொன்ன நேரத்தில் உறிஞ்சினார். டிரையத்லான் வீரர்கள் மனைவியின் குரலுக்குத்தான் கட்டுப்படுவார்கள் என்று பாட்டில் கம்பெனி ஆராய்ந்து கண்டுபிடித்திருந்ததாம். யார் வீட்டில் போய் ஆராய்ந்தார்களோ!

போட்டியன்று நீச்சலை முடித்துவிட்டு மணிக்கணக்காகச் சைக்கிள் மிதித்து வந்தவர், பொள்ளாச்சி சாலையோரம் இறங்கி வாந்தியெடுத்தார். வயிறு பானையாக உப்பியிருந்தது. கைதட்ட வந்து நின்றிருந்த கோகிலவாணி பதறிக்கொண்டு ஓடினாள்.

"போதுமுங்க! இன்னொரு சொட்டு உள்ள போனா உசுரு தாங்காது. அதைக் கீழ வைங்க!"

"ஏனுங்க, ஒரு வாய் குடிங்க" என்றது பாட்டில், அவளைவிடக் கனிவாக.

கண் செருகிய துரைசாமி, எதிரே நின்றவளைக் கையமர்த்தினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க அம்மணி. எங்க வீட்டுக்காரி என்னமோ சொல்றா."